ரைவல் என்ற வார்த்தை

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருந்த பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கு ஒரு குழாய். சண்டை வரக்கூடாது என்று நானும் பக்கத்து வீட்டுக்காரியும் முறை வைத்திருந்தோம். ஒருநாள் முதல் தண்ணீர் எனக்கு, மறுநாள் அவளுக்கு. குழாய் எங்கள் பின்வாசலை ஒட்டி இருந்தது. என் கணவர் ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். காலையில் சங்கு ஊதும்வரை அந்தப் பின்வாசலில்தான் இங்கிலீஷ் பேப்பர் படிப்பார்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். குடம் நிறைகிற நேரத்தில் ஏதாவது ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்பாள். அவ்வளவுதான். குழம்பில் உப்பு போதுமா என்று நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற மனுஷர், அந்த வார்த்தை எந்த நாட்டில் பிறந்தது, எப்படித் தேய்ந்தது என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அடுப்படியில் எனக்கு வயிறு எரியும். நான் ஐந்தாவதோடு நின்றவள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அவள் முறையில் என் குடத்தை முதலில் வைத்தேன். அண்டா, தவலை, வாளி ஒன்று விடாமல் பிடித்தேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், "பிடிங்கக்கா, எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். நானே அவளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அன்று வந்த வார்த்தை ரைவல். போட்டிக்காரன் என்று அர்த்தமாம். ஆதியில், லத்தீனில், ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர்களைத்தான் அப்படிச் சொன்னார்களாம். அவள் அதிசயப்பட்டுச் சிரித்தாள். வையம்பட்டியில் பங்குக் கிணற்றுத் தண்ணீருக்காக என் அப்பாவும் பெரியப்பாவும் பன்னிரண்டு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். இதைத் தெரிந்துகொள்ள லத்தீன் எதற்கு என்று நினைத்தேன். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

அடுத்த வருஷம் அவள் புருஷனுக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். லாரி கிளம்பிய அன்று சாயங்காலம் கேட்டே விட்டேன்.

"அவளுக்கு அத்தனை வார்த்தை சொன்னீங்களே, எனக்கு ஏன் ஒண்ணுகூடச் சொல்லல?"

அவர் நிஜமாகவே விழித்தார்.

"உனக்கும் கேக்கட்டும்னுதானே அவ்வளவு சத்தமா சொன்னேன்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மறுநாள் காலை காப்பியைக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டுவிட்டுப் பின்வாசலிலேயே நின்றேன். அவர் பேப்பரை மனசுக்குள்ளேயே படித்து, மடித்து வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ரிடையராகும்வரை அப்படித்தான் படித்தார்.