முருகன் காட்டிக்கொடுக்காத சீம்பால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக நோட்டைத் திறந்து திறந்து மூடியிருக்கிறேன். சாமியையே ஏமாற்றியவள் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

எழுபதுகளின் கடைசி. வண்டியூரில் எங்கள் சந்தில் யார் வீட்டு மாடு ஈன்றாலும், சீம்பால் காய்ச்சிச் சாமிக்குப் படைத்துவிட்டு வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணம் கொடுக்க வேண்டும். எங்கள் கிடேரிக்கு அது தலை ஈத்து. கன்றை வைக்கோலால் துடைத்து, குளம்பு நுனியைக் கிள்ளிவிட்டேன். எழுந்திருக்கவில்லை, தலைகூட நிற்கவில்லை. கறந்தால் அரைச்சொம்புதான் தேறியது.

மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் கன்னுக்கே குடுங்க. இல்லேன்னா தங்காது," என்றார்.

அவர் போகவும், எதிர்வீட்டிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா கிண்ணத்தோடு வரவும் சரியாக இருந்தது.

"சீம்பால் எப்பத்தா தருவ?"

"சாயங்காலம் தாரேன் மதினி."

"ஏலக்காய் தட்டிப் போடு. அடுத்த வீட்டுல போன மாசம் குடுத்தது ஒரே கவுச்சி."

இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. சீம்பாலை விரலில் தொட்டுத் தொட்டுக் கன்றுக்குச் சப்பக் கொடுத்தேன். பிறகு எங்களிடமிருந்த பழைய மாட்டின் பாலில் கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி, நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, காய்ச்சிய சீம்பால் மாதிரியே கட்டியாக உறையவைத்தேன். முதல் கிண்ணம் முருகன் படத்துக்கு.

"உனக்கு எல்லாம் தெரியும். காட்டிக்குடுத்துறாதப்பா. கன்னு எந்திரிச்சா திருப்பரங்குன்றத்துக்கு நடந்தே வாரேன்," என்று கும்பிட்டேன்.

மதினி கிண்ணத்தை வழித்துத் தின்றார். "எம்புட்டுக் கெட்டி. மாட்டுக்கு என்னத்தா தீனி வைக்கிற?"

"எல்லாம் முருகன் புண்ணியம், மதினி."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

சீம்பால் மூன்று நாள் வரும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் மூன்று நாளும் கடல்பாசி காய்ச்சினேன். மூன்றாம் நாள் மதினி தின்றுகொண்டிருக்கும்போது கன்று தள்ளாடி எழுந்து, நேராக வந்து அவர் கிண்ணத்தில் மூஞ்சியை விட்டது.

"தாய் மடியை விட்டுட்டு இதுக்கு வருது பாரு," என்றார் மதினி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையே நடந்துபோய்க் குன்றத்தில் தேங்காய் உடைத்தேன்.

அடுத்த ஈத்தில் பால் தாராளம். அசல் சீம்பாலே கொடுத்தேன். மதினி ஒரு வாய் தின்றுவிட்டு, "போன தடவை பக்குவம் வரலையேத்தா," என்றார்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். முருகன் ஏமாந்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் தெரிந்துதான் சாப்பிட்டான்.