மீனெண்ணெயும் பூக்குழியும்

பொழுது சாயும் நேரத்தில் அன்னம்மாவின் வாசலைத் தாண்டிப் போகிற பிள்ளை எதுவும் தப்ப முடியாது. புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில், விளக்கு எரியத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வந்து நிற்பாள். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்து சட்டென்று நீட்டுவாள். "எத்தனை விரலு, சொல்லு." சரியாகச் சொன்னால் ஒரு துண்டு பப்பாளி. தப்பாகச் சொன்னாலும் பப்பாளி உண்டு, ஆனால் அந்தப் பிள்ளையின் தாயைத் தேடிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவாள். அறுபதுகளின் கடைசியில் அந்த மாடியில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் இப்படி விரல் எண்ணித்தான் வளர்ந்தன. அந்தம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று பெரியவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

அன்னம்மா பயந்தாங்கொள்ளி, அதை அவளே ஒப்புக்கொள்வாள். பல்லிக்குப் பயப்படுவாள், இடிக்குப் பயப்படுவாள், போலீஸ்காரன் தொப்பியைக் கண்டாலே சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நடப்பாள். அதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த விரல் சமாசாரத்துக்கு மட்டும் யாரும் சிரிக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்தில் அவளும் புருஷன் மருதப்பனும் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், கடைவீட்டு மாடியில், பலகைத் தடுப்பு போட்ட அறை ஒன்றில் குடியிருந்தார்கள். மருதப்பன் ஆற்றோரக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நாள் முழுக்க அவன் பேசுகிற பேச்சை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். ஒரே பிள்ளை, பாக்கியம். மூன்று வயது. பலகைக்கு அந்தப் பக்கம் ருக்கையா இருந்தாள். கீழே சாப்பாட்டுக் கடை நடத்திய ராவுத்தரின் மனைவி, பிள்ளையில்லாதவள். பாக்கியம் பாதி நேரம் அவள் மடியில்தான் கிடக்கும்.

அந்த வருஷம் வைகாசியில் பாக்கியத்துக்குத் தட்டம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். காய்ச்சல் ஏறி, பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்த அன்றைக்கு, மருதப்பன் மாரியம்மன் படத்துக்கு முன்னால் விழுந்தான். "ஆத்தா, இந்தப் பிள்ளைய எனக்கு விட்டுட்டுப் போ. ஐப்பசியில உன் பூக்குழி இறங்குறேன். அதுவரைக்கும் என் வீட்டுல ஒரு வாய்க்குள்ளயும் கவுச்சி நுழையாது." இவ்வளவு நீளமாக அவன் பேசி அன்னம்மா கேட்டதே இல்லை. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

நேர்ந்துகொண்டால் நேர்ந்துகொண்டதுதான். மீன் சட்டி குப்பைக்குப் போயிற்று. முட்டை கிடையாது, கருவாடு கிடையாது. அம்மை இறங்கிய பிறகு பாக்கியத்துக்கு வயிற்றோட்டம் விட்டு விட்டு வந்ததால், கீரை வயிற்றைக் கெடுக்கும் என்று கீரையையும் நிறுத்திவிட்டாள் அன்னம்மா. கஞ்சி, டின் பால், சர்க்கரை போட்ட ரொட்டி. அப்போது எல்லார் வீட்டிலும் பிள்ளைக்கு டின் பால்தான் பெரிய ஊட்டம். டப்பாவின் மேலே ஒட்டியிருந்த கொழுகொழு குழந்தைப் படத்தைப் பார்த்தாலே தாய்மாருக்கு வயிறு நிறையும்.

பூக்குழி பற்றிய கதைகளும் கூடவே வந்தன. குழாயடியில் நின்றால் யாராவது ஒருத்தி சொல்லுவாள். நேர்த்தி சுத்தமாக இருந்தால் நெருப்பு பூவாக இருக்குமாம். வீட்டில் சுத்தம் தப்பினால், தப்பு செய்தவளை விட்டுவிட்டு இறங்குகிறவன் காலைப் பிடித்துக்கொள்ளுமாம். யாரோ ஒருத்தர் பாதிக் குழியில் விழுந்தே போனாராம். மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் என்ன ஆகும் என்று அன்னம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். பிள்ளையைத் தேடிக்கொண்டு ருக்கையாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பாக்கியம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீன் ஆணம் ஊற்றிய சோற்றைக் கன்னம் வரைக்கும் பூசிக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. பிள்ளையை அங்கேயே ஓர் அறை அறைந்து, வாயைக் கழுவி, இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இது எத்தனை நாளா நடக்குதுக்கா?"

"புள்ள கேட்டுச்சு, குடுத்தேன். அதுக்கு உங்க நேர்ச்சையெல்லாம் தெரியுமாலா?" என்றாள் ருக்கையா.

அன்றைக்கு ருக்கையா முகத்துக்கு எதிரே கதவைச் சாத்திய அன்னம்மா பிறகு திறக்கவில்லை. மருதப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு, ஒரு வேளை பட்டினி கிடந்தாள்.

புரட்டாசி பிறந்தபோது பாக்கியம் ரொம்பச் சமத்தாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும். ஓடாது, தேடாது. குழாயடிப் பெண்கள் மெச்சினார்கள். அன்னம்மாவுக்கும் முதலில் பெருமைதான். பிறகு ஒரு நாள் பொழுது சாயும்போது, அறை மூலையில் இருந்து, "பாக்கியம், இந்தா ரொட்டி" என்று நீட்டினாள். பிள்ளை எழுந்தது, கையைத் துழாவிக்கொண்டே வந்தது, தண்ணீர்ப் பானையில் மோதி நின்றது. ரொட்டி அதன் முகத்துக்கு நேரேதான் இருந்தது.

மறுநாள் வெளிச்சத்தில் பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தாள். வெள்ளை விழியின் ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்தாற்போல ஒரு திட்டு. விழியே பளபளப்பில்லாமல் மங்கிக் கிடந்தது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். மீன் தின்றதற்கு ஆத்தா கண்ணைக் கேட்கிறாள். இன்னும் கடுமையாக விரதம் காத்தால் திருப்பிக் கொடுப்பாள்.

அப்படித்தான் காத்தாள், பாவி மகள். பாலைக்கூடக் குறைத்து, உப்பில்லாக் கஞ்சியைப் பிள்ளைக்கு ஊட்டினாள். நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் நனைத்துக் கண்மேல் வைத்தாள். கோயிலுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டினாள். நாளுக்கு நாள் கண் மோசமாயிற்று. வெயிலைக் கண்டால் பிள்ளை முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதது. மருதப்பன் கேட்டபோது, "தூசி விழுந்திருக்கு" என்றாள். ராத்திரியில் அவளுக்குத் தூக்கம் இல்லை. உறங்குகிற பிள்ளையின் மூடின இமையையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

ஒரு சாயங்காலம் அவள் கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, பாக்கியம் தாயைத் தேடி நடைக்கு வந்துவிட்டது. மாடிப்படியின் தலைப்பில் நின்று, படி இருப்பது தெரியாமல், வெறும் காற்றில் காலை வைத்தது. வாளியோடு கீழே நின்ற அன்னம்மா அதைப் பார்த்தாள். மேலே ஒரு கை வந்து பிள்ளையின் பாவாடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. ருக்கையா.

அவள் பிள்ளையைத் தூக்கி, இருந்த பொட்டு வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தாள். பிறகு அன்னம்மாவைப் பார்த்தாள்.

"நீ எங்கூடப் பேச வேணாம். நாளைக்குக் காலையில சேலையைக் கட்டிட்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போறோம். வரலைன்னா நானே தூக்கிட்டுப் போயிடுவேன்."

தாய்சேய் மருத்துவ நிலையத்தில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னார். தமிழில் எடுத்துச் சொல்ல வந்தவள் மனோரஞ்சிதம் என்ற நர்ஸ். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கறாரான முகம்.

"பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"கஞ்சி. டின் பாலு."

"மீன்? முட்டை? கீரை?"

ருக்கையாதான் வாய் திறந்தாள். "முன்னால நான் குடுத்துட்டு இருந்தேன் நர்ஸம்மா. மீன் ஆணம், சில நாளைக்கு ஆட்டு ஈரல். ஆடியில நின்னு போச்சு."

"அப்ப அதுதான் அதுவரைக்கும் கண்ணைக் காப்பாத்தினது," என்றாள் மனோரஞ்சிதம். "கண்ணுக்கு வேண்டிய சத்து, அம்மை வந்தால் உடம்பில இருந்து வடிஞ்சு போயிடும். வயித்தோட்டத்திலயும் போகும். திரும்ப நிரப்பேல்லையெண்டால் முதல்ல பின்னேரத்தில கண் தெரியாது. பிறகு விழி காயும். கடைசியில கருவிழி உருகிப் போயிடும். உருகினால் நாங்கள் ஒண்டும் செய்யேலாது. உங்கட பிள்ளைக்கு இப்ப விழி காயத் தொடங்கிட்டுது."

சொல்லிவிட்டு ஒரு புட்டியை நீட்டினாள். மீனெண்ணெய். இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றாள்.

தீமிதிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. மருதப்பன் மஞ்சள் துணி உடுத்திக் காப்புக் கட்டியிருந்தான், தரையில் படுத்தான். அன்னம்மா அந்தப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். கொடுக்காவிட்டால் பிள்ளையின் கண். கொடுத்தால் புருஷனின் கால். நர்ஸ் சொன்னதையும் நம்பினாள், குழாயடியில் சொன்னதையும் நம்பினாள். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

படியேறி வந்ததும் தன் அறைக்குப் போகவில்லை. ருக்கையாவின் வாசலில் நின்றாள்.

"அக்கா, இத உங்க அறையில வச்சுக் குடுத்துக்கட்டுமா? எங்க வீட்டுக்குள்ள வேணாம்."

"வா," என்றாள் ருக்கையா. கதவைச் சாத்தியதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பிள்ளையின் தலையை அவள் பிடித்துக்கொள்ள, அன்னம்மா கரண்டியை வாயில் வைத்தாள். பாதி எண்ணெய் பிள்ளையின் மோவாயில் வழிந்தது. அதையும் விரலால் வழித்து உள்ளே தள்ளினாள். அவள் உதடு மட்டும் "ஆத்தா, ஆத்தா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தினமும் இப்படித்தான். முடிந்ததும் பிள்ளையின் வாயைக் கழுவி, ஏலக்காயைப் பொடித்து நாக்கில் தடவித் தன் அறைக்குக் கொண்டுபோவாள்.

வெயிலுக்கு அழுவது நின்றது. ஆனால் பொழுது சாய்ந்தால் சோதித்துப் பார்க்க அன்னம்மாவுக்குத் துணிவில்லை. இருட்டு கவிவதற்கு முன்பே பிள்ளையை மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துவிடுவாள். தெரியாமல் இருப்பதே மேல் என்று இருந்தது.

தீமிதி அன்றைக்கு சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலில் கூட்டம் சொல்ல முடியாது. அன்னம்மா பெண்கள் பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்து நின்றாள். கனல் அடித்த சூட்டில் முகம் காந்தியது. மருதப்பன் முறை வந்தது. தலையில் கரகமோ கையில் வேலோ எதுவும் இல்லை, வேப்பிலை மட்டும். குழியின் முனையில் ஒரு கணம் நின்றான். மற்றவர்கள் நிற்கவில்லை, அவன் நின்றான். அன்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் அந்தப் பக்கம் கால் நனைக்கிற பால்குழியில் நின்றுகொண்டிருந்தான். நேராக நடந்து போனான். நொண்டவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அலுப்பு என்றான். பாயில் காலை மடக்கி, வேட்டியால் மூடிப் படுத்துக் கிடந்தான். சாயங்காலம் வந்தது. அன்னம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், பிள்ளையைத் தூங்க வைக்க மறந்துபோனாள். அறையில் இருள் கூடிக்கொண்டிருந்தது.

பாக்கியம் மூலையிலிருந்து எழுந்தது. தண்ணீர்ப் பானையைச் சுற்றிக்கொண்டு, கீழே கிடந்த முறத்தைத் தாண்டி, அப்பன் கால்மாட்டில் போய்க் குந்தியது. வேட்டி விலகிய இடத்தில், உள்ளங்காலின் ஓரத்தில் விரலை வைத்தது.

"அப்பா, இங்க புண்ணு."

அன்னம்மாவின் கையிலிருந்த பாத்திரம் அப்படியே நின்றது. பக்கத்தில் வந்து குனிந்தாள். அவளுக்கே கண்ணை இடுக்கினால்தான் தெரிந்தது, சின்னக் கொப்புளம். பிள்ளை பார்த்துவிட்டது என்ற சந்தோஷமும், நெருப்பு பிடித்துவிட்டது என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்து அவளை உட்கார வைத்தன.

"நாந்தாங்க," என்றாள். "நாந்தான் உங்களுக்குத் தெரியாம..."

"மீனெண்ணெய் குடுத்த."

அன்னம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"மொத நாளே தெரியும். ராத்திரி எம் மூஞ்சியிலதான மூச்சு விட்டுத் தூங்குது. ஏலக்காய் போட்டா மீன் வாடை போயிடுமா?"

"தெரிஞ்சுமா எறங்குனீங்க? ஏன் நிறுத்தச் சொல்லல?"

பிள்ளையின் விரல் இன்னும் கொப்புளத்தின் மேலேயே இருந்தது. அதை விலக்காமல் மருதப்பன் சொன்னான். "நீ பயந்துட்டேதான குடுத்த. நானும் பயந்துட்டேதான் எறங்குனேன்."

பிறகு, "வெளக்கப் போடு" என்றான்.

"இருங்க," என்றாள் அன்னம்மா. "இன்னும் கொஞ்சம் இருட்டட்டும்."

அறை நன்றாக இருண்ட பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எதிரே கையை நீட்டினாள். "எத்தனை விரலு, சொல்லு." மூன்று வயதுப் பாக்கியத்துக்கு எண்ணத் தெரியாது. நீட்டிய விரல்களைத் துழாவாமல் ஒவ்வொன்றாகத் தொட்டது, மடக்கியிருந்தவற்றை விட்டுவிட்டது.