பேசாத ஜெர்லினும் பேசிக்கொண்டே இருந்த நாங்களும்

சின்னக் குழந்தைகளின் மனசைப் பார்க்கிற வேலையில் உள்ள பெரிய சங்கடம், குழந்தையைத் தவிர மற்ற எல்லாரும் நம்மிடம் பேசுவார்கள் என்பதுதான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகாக்களே, நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. வெளிநாட்டில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் திரும்பி வந்து, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூர்ப் பக்கம் ஒரு சின்ன அமைப்பில் ஆலோசகராகச் சேர்ந்தேன். வெளிநாட்டில் இங்கிலீஷில் படித்ததை இங்கே தமிழில் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். ஜெர்லின் விஷயத்தில் எனக்கு இரண்டு மொழியும் கைகொடுக்கவில்லை.

ஊசி இல்லாத வைத்தியம்

ஜெர்லினை எனக்குக் காட்டியவர் அங்கன்வாடி டீச்சர் சரோஜா. நாலு வயசுப் பெண். வீட்டில் வாய் ஓயாதாம். வாசல்படி தாண்டினால் ஒரு வார்த்தை கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவாள். அப்பா மைக்கேலும் அம்மா ஸ்டெல்லாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை. வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீட்டில் குடித்தனம்.

நான் போனபோது ஸ்டெல்லா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் அரிசி களைந்துகொண்டிருந்தார். ஜூனில் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். பேசாத பிள்ளையை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதற்குள் பேசாவிட்டால் ஊரில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக முடிவு. "வருசத்துக்கு ரெண்டு தடவ பாக்கலாம் மேடம்" என்றார், களைந்த அரிசியையே மறுபடி களைந்துகொண்டு. பயப்படாதீர்கள், ஊசி மாத்திரை எதுவும் கிடையாது, விளையாடியே மெதுவாகப் பேச வைக்கலாம் என்று விளக்கினேன். லைன் வீட்டின் சொந்தக்காரி தேவகி, வாசலில் இட்லிக் கடை வைத்திருப்பவர், அத்தனையையும் கதவோரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. கொயந்தையாண்ட வெளாடிக்கினு இருக்கறதுக்கா அவ்ளோ தூரம் போயி படிச்ச?"

பொம்மை வீடு

என் அறையில் ஒரு பொம்மை வீடு உண்டு. அப்பா பொம்மை, அம்மா பொம்மை, பாப்பா பொம்மை. ஜெர்லின் அப்பாவை உள்ளே வைத்தாள். அம்மாவை வெளியே எடுத்தாள். பிறகு அம்மாவை உள்ளே வைத்து அப்பாவை வெளியே எடுத்தாள். நான் இரண்டையும் உள்ளே வைத்துப் பார்த்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து வெளியே போட்டாள்.

இதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். வீட்டில் சண்டை. மைக்கேலைத் தனியாகக் கூப்பிட்டு, வெயிலில் ஆரம்பித்து, விலைவாசி வழியாகச் சுற்றி, கடைசியில் கணவன் மனைவி சண்டைக்கு வந்து சேர்ந்தேன். அவர் தங்கள் ஏற்பாட்டை விளக்கினார். அவர்கள் இரண்டு பேரும் எப்போதும் எதிரெதிர் ஷிஃப்ட் கேட்டு வாங்குகிறவர்கள், அப்போதுதான் பிள்ளையோடு ஒரு ஆள் இருக்க முடியும். ஒருவர் பஸ் ஏறிப் போய் மற்றவர் பஸ் வந்து சேரும்வரை ஜெர்லின் தேவகி கடை பெஞ்சில். வாரம் மாறினால் பகலில் வீட்டில் இருக்கும் ஆளும் மாறும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் உண்மையாகவே சந்தேகம் கேட்டார்: "சண்ட போடணும்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல இருக்கணும்லா மேடம்?"

கைதட்டல்

தனி ஆளாக முடியாது, எல்லாரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்று அங்கன்வாடியில் ஒரு கூட்டம் போட்டேன். சரோஜா, தேவகி, ஸ்டெல்லா, கம்பெனி ஹெச்.ஆர். பிரிவிலிருந்து விக்னேஷ் என்ற இளைஞர். பிள்ளைக்குப் பேச்சு காதில் விழ வேண்டும் என்றார் சரோஜா. அப்பனும் ஆத்தாவும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார் தேவகி. அதையே நான் கொஞ்சம் கடினமான வார்த்தைகளில் சொன்னேன். விக்னேஷ் உருகிப்போய் அங்கிருந்தே போன் போட்டார். திங்கட்கிழமை முதல் இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட்! எல்லாரும் கைதட்டினோம். மூலையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஜெர்லினும் தட்டினாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் வழக்கம்போல் பிள்ளையைத் தேவகி கடை பெஞ்சில் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். அதற்கு மேல் பிள்ளையை யார் பார்ப்பது? சரோஜா பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்திருந்தேன். தேவகி என்று சரோஜா நினைத்திருந்தார். அவர் அன்றைக்குப் பயிற்சிக்கு வேறு போய்விட்டார். தேவகிக்கோ ஸ்ரீபெரும்புதூரில் கல்யாணம். பட்டுப்புடவையோடு ஆட்டோவில் வந்து, தூக்கக் கலக்கத்தில் இருந்த ஜெர்லினை என் அறையில் இறக்கிவிட்டுப் போனார். பதறி விக்னேஷுக்குப் போன் செய்தேன். அவர் பதறவே இல்லை: "கொழந்தைங்க டிபார்ட்மென்ட் நீங்கதானே மேடம்?"

அவள் கேட்டது

அன்று முழுக்க ஜெர்லின் என் நாற்காலியில், நான் ஸ்டூலில். என் தயிர்சாதத்தில் பாதி அவளுக்கு. வைத்தியம் எதுவும் நான் செய்யவில்லை, நேரம் எங்கே? போனில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் "இன்னிக்கு முடியாது, புதன்கிழமை வரேன், வெள்ளிக்கிழமை இருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதையே கவனித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் என் துப்பட்டாவை இழுத்து, தெளிவாக, எச்சில் விழுங்காமல் கேட்டாள்: "அடுத்த வாரம் எங்க வீட்டுல யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக்கேலுக்கு என்ன ஷிஃப்ட் என்று பஸ் டிரைவருக்குத் தெரியும், தேவகிக்குத் தெரியும், பால் பாக்கெட் போடுகிறவருக்கும் தெரியும். ஜெர்லினுக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை. காலையில் கண் விழித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். இதனால்தான் பேசாமல் இருந்தாளா? படித்தவரை அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஸ்டெல்லாவிடம், ஏன் அவளுக்குச் சொல்வதில்லை என்று கேட்டேன். "எங்களுக்கே ஞாயித்துக்கிழமதான் மேடம் மெசேஜ் வருது. அவகிட்டச் சொல்லணும்னு தோணவே இல்ல. அவ என்ன பஸ்ஸா புடிக்கப் போறா?"

நேர்முகத் தேர்வு

ஷிஃப்ட் பழையபடி எதிரெதிராக மாறியது. விக்னேஷ் இரண்டு நாள் முன்னதாகவே ஷிஃப்டைச் சொல்ல ஏற்பாடு செய்தார். அதன்பிறகு ஜெர்லினுக்குச் சொல்லாத ஆளில்லை. தேவகி இட்லி வைக்கும்போது சொன்னார். சரோஜா பாட்டுக்கு நடுவில் சொன்னார். மைக்கேல் யாருக்கோ உதவி என்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட வாரம், இடுப்பில் கைவைத்து, சொன்ன எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அங்கன்வாடியில் வாய் திறந்தது. இட்லிதான் காரணம் என்கிறார் தேவகி. ஸ்டெல்லா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாராம். விக்னேஷ் கம்பெனிச் சுவரில் எங்கள் போட்டோவை ஒட்டியிருக்கிறார்.

ஜூனும் வந்தது. பள்ளியில் தலைமை ஆசிரியை பேரைக் கேட்டார். ஜெர்லின் வாய் திறக்கவில்லை. பூனைப் படம் காட்டினார், திறக்கவில்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. தலைமை ஆசிரியை படத்தை மூடிவைக்கப் போன நேரத்தில், ஜெர்லின் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், இந்த வாரம் உங்களுக்கு என்ன ஷிஃப்ட்டு?"

ஆக, ஜெர்லினுக்கு இடம் கிடைத்தது, ஊருக்கு அனுப்புகிற பேச்சும் நின்றது. எது வேலை செய்தது என்று கேட்டால் எங்கள் எல்லாரிடமும் ஆளுக்கொரு பதில் இருக்கிறது, அவளிடம் கேட்டால் மட்டும் பேச மாட்டேன் என்கிறாள்.