ஆற்று நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு

வேலூரில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, உலகத்தின் வடகோடியில் ஓடும் ஓர் ஆற்றுக்கு வரைபடம் போட்டோம். விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வரும். மேடு பள்ளம் பார்த்துக் கோடு இழுப்போம். அங்கே ஊர் இல்லை, சாலை இல்லை. போகிறவர்கள் சின்ன விமானத்தில் போய் ஆற்று நடுவிலுள்ள மணல் திட்டில் இறங்குவார்கள். எந்தத் திட்டில் இறங்கலாம் என்று குறித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

பக்கத்து நாற்காலிப் பெண் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுக்கு வந்த படத்தில் கரை முழுக்கப் பச்சைக் காடு, நடுவில் நீளமாக ஒரு வெள்ளைத் திட்டு. அதை மணல், இறங்கலாம் என்று குறித்தாள். அவசரம் என்று டீம் லீடர் சரிபார்க்காமலே வேலை கொடுத்தவனுக்கு அனுப்பினான்.

அடுத்த வாரம், அவள் பார்த்த படத்துக்கு ஒரு மாதம் தள்ளி அதே இடத்தை எடுத்த படம் என்னிடம் வந்தது. திட்டு ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தது.

“மணல் எப்டிமா ஒரே மாசத்துல இவ்ளோ கம்மியாவும்?”

“இன்னாக்கா நீ. எங்கூட்டாண்ட பாலாத்துல ஒரே வாரத்துல எறங்கும். லாரி வந்தா போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளைத் திட்டி என்ன பயன்? தண்ணீரைப் பார்க்காத ஆற்றங்கரையில் வளர்ந்தவள். ஆற்றில் வெள்ளையாக இருந்தால் மணல், குறைந்தால் திருட்டு. ஆனால் அந்தக் காட்டுக்கு லாரி போகாது. அது பனிக்கட்டி. குளிர்காலத்தில் அடுக்கடுக்காக உறைந்து, கோடையிலும் கரையாமல் கிடக்கிறது. அடியில் ஆறு அரித்துக்கொண்டே ஓடுகிறது. விமானம் இறங்கினால் உள்ளே போய்விடும்.

டீம் லீடரிடம் சொன்னேன்.

“இப்போ தப்புன்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான். பேஜார் பண்ணாதம்மா. அங்க எவன் போய் எறங்கப் போறான்?”

“எறங்கறதுக்குத்தானே சார் மேப் கேட்டான்?”

“உன் வேலைய பாரு.”

பார்த்தேன். வேலை கொடுத்தவனுக்கு நேராக மெயில் அனுப்பினேன். டீம் லீடர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னான். பையை எடுக்கும்போதே பதில் வந்தது. வரைபடம் விமானிகள் கையில் இருக்கிறதாம். ஒருவர் இன்று காலை கிளம்பிவிட்டாராம். ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம், மலைக்கு அந்தப் பக்கம் எட்டவில்லையாம்.

அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

“வேற எங்கயாச்சும் எறங்கிக்குவாருல்லக்கா?”

மலைக்கு அந்தப் பக்கத்தில் இறங்க அவள் குறித்திருந்தது அந்த ஒரு திட்டைத்தான்.