சிகாகோ கடுதாசியும் ஓர் இரும்புக் கட்டிலும்

வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. பாப்பாத்தி. நம் லைனில் ஏழாம் வீட்டில் இருந்தவள்; இப்போது ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறாள். "ரைட்டருங்களா? நர்ஸம்மா காலைல எந்திரிக்கலைங்க" என்றாள். டாக்டரைக் கூப்பிட்டாயா என்று கேட்டேன். "கூப்புட்டு என்னங்க பண்றது. சில்லுனு கெடக்கறாங்க" என்றாள். பஸ் வந்தது, ஏறினேன்.

ஸ்டெல்லா நர்ஸைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொட்டச்சேட்டுப் பக்கம், எங்கள் எஸ்டேட்டின் பன்னிரண்டு லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்து, இன்று திருப்பூரிலும் ஓசூரிலும் சேலத்துச் சந்துகளிலும் குடியிருக்கிற உங்களுக்காக. நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் ரைட்டர், யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பதிவேட்டை வைத்திருந்தவன். என் பெயரைப் பார்த்ததும் உங்களில் சிலர் மேலே படிக்காமல் விட்டுவிடலாம். அதில் எனக்கு வருத்தமில்லை.

இறந்தவரைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டும் என்கிறார்கள். நர்ஸம்மா அதை விரும்பமாட்டார். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடாதவனை லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டுவார். ஊசி போடுவதில் கை மென்மையும் கிடையாது. பாப்பாத்தியின் மகள் ஒரு தடவை "வலிக்குங்களா?" என்று கேட்டபோது, "வலிக்குங் கண்ணு. வலிக்காதுன்னு சொல்ற நர்ஸை நம்பாதே" என்று சொல்லிக்கொண்டே குத்திவிட்டார். அந்தப் பெண் அழுதாள். ஆனால் அதற்குப் பிறகு வேறு யார் ஊசி போட வந்தாலும் கையை நீட்ட மாட்டேன் என்றாள்.

லைனின் கடைசியில் இருந்த மருந்தக அறை உங்கள் நினைவில் இருக்கும். அதை முதன்முதலில் ஆரம்பித்தவர் அந்தக் காலத்துப் பங்களாவில் இருந்த ஒரு துரைசாணி. அவர் சிகாகோ நகரத்தில் பிறந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், அமெரிக்காவில் வேலையும் சோறும் இல்லாமல் போன அந்த வருடங்களில், அவருடைய அக்கா மேபல் என்பவள் சிகாகோவிலிருந்து வாராவாரம் எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. துரைசாணி போய், பங்களா போய், டப்பா மட்டும் மருந்தலமாரியின் மேல்தட்டில் மிஞ்சியிருந்தது. நர்ஸம்மா அதைத் தூசி தட்டி எடுத்து, செவ்வாய்க்கிழமை மருந்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். சும்மா உட்கார்ந்தால் ஒருத்தியை ஒருத்தி இருமிக் கெடுக்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

மேபல் பெரிய விஷயம் எதையும் எழுதவில்லை. தன் தெருவைப் பற்றித்தான் எழுதினாள். மூன்று மாடிக் கட்டடம், மாடிக்கு நாலு குடும்பம். யார் வீட்டில் கரி இருக்கிறதோ அவர்கள் அடுப்பை மூட்டுவார்கள். மற்றவர்கள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து முறை வைத்துச் சமைத்துப் போவார்கள். ரேடியோ ஒரே வீட்டில்தான். அவர்கள் கோடையில் அதை ஜன்னல் விளிம்பில் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார்கள். ஆலை மூடி வேலை போன ஆண்கள் அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று காலையில் சோற்றுப் பெட்டியோடு கிளம்பி, ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் வருவார்கள். மனைவிமார் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் கேட்கமாட்டாள்.

அதைக் கேட்டுப் பாப்பாத்தி சொன்னாள்: "நம்ம லைன்ல நடந்திருந்தா மத்தியானத்துக்குள்ள எல்லா ஊட்டுக்கும் தெரிஞ்சிருக்குமுங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய புருஷன் அந்த மாதம் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போனான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேபலக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். காப்பிச் செடிக்கு நடுவில் நின்று பழம் பறித்துக்கொண்டே, மேபலக்கா தெருவில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள். அந்தப் பிள்ளை செத்தே பல வருடம் ஆகியிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா வாண்டாவைப் பற்றிய கடிதத்தை எடுத்தார். வாண்டா மேபலுக்கு எதிர்வீட்டுக்காரி. வாடகை கொடுக்க முடியாததால் கோர்ட் ஆட்கள் வந்து அவள் கட்டில், தொட்டில், தையல் மிஷின் எல்லாவற்றையும் பனியில் நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும், கட்டடத்தில் இருந்தவர்கள் இறங்கி வந்து, யாரும் யாரிடமும் எதுவும் பேசாமல், ஆளுக்கொரு பக்கம் பிடித்து எல்லாவற்றையும் மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். மறு வாரம் மறுபடி இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். "அப்புறம் என்னாச்சுங்க?" என்று பாப்பாத்தி கேட்டாள். நர்ஸம்மா கடிதத்தை மடித்தார். "அடுத்த செவ்வாக்கெழமை. இப்ப இருமலைக் காட்டு" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாணக் கடிதத்தைப் படித்தார். பெண்கள் வாண்டாவை மறந்துவிட்டார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் எஸ்டேட் கை மாறியது. வாங்கியவர்களுக்குக் காப்பி வேண்டியிருக்கவில்லை. லைன் இருந்த மேடு வேண்டியிருந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், காட்டேஜ் கட்டத் தோதான இடம். மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்கு வீடு தங்களுடையது என்று சொல்ல ஒரு காகிதம் கிடையாது. என் வேலை மட்டும் தொடரும் என்று புது ஆட்கள் சொன்னார்கள். கூலிக்குப் பிடித்த பத்து ஆட்களோடு அவர்கள் வந்த அன்று, பதிவேட்டைப் பார்த்து வீடு வீடாகப் பேரை வாசித்தது நான்தான். என் குரல் நடுங்கவில்லை. அதை நீங்களே கேட்டீர்கள்.

முதல் நாள் எல்லாச் சாமானும் வெளியே வந்தது. ஆட்கள் நாலு மணிக்கு ஜீப்பில் ஏறிப் போனார்கள். பெண்கள் கவிழ்த்துப் போட்ட அண்டாக்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா மருந்தகத்திலிருந்து வந்து ஒரு ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏன் பாப்பாத்தி, மேபலக்கா தெருவுல என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டார். பாப்பாத்தி எழுந்தாள். லைன் கதவுகளுக்கு வெறும் தாழ்ப்பாள்தானே, பூட்டு ஏது? ஒரு மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டது. அவசரத்தில் ஒரு வீட்டுச் சாமான் இன்னொரு வீட்டுக்குப் போனது. அதனால்தான் இன்றைக்கும் உங்கள் சமையலறையில் வேறு யாருடைய பேரோ வெட்டிய குண்டாவும் தூக்குப்போசியும் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்க ஒருவரும் அலைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இரண்டாம் நாள் மழை. ஆட்கள் மறுபடி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். பாப்பாத்தியின் மாமியார் நடக்க முடியாதவள். அவளை மருந்தகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய இரும்புக் கட்டில் சேற்றில் நின்றது. நர்ஸம்மா அதன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாமானோடு இருந்தார்கள். கையில் பதிவேட்டோடு மரத்தடியில் நின்றது நான் ஒருவன்தான்.

"ரைட்டர் தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு அப்படி உத்தரவு இல்லைங்கம்மா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. வாழ்நாளெல்லாம் எல்லாரையும் திட்டியவர், அன்று என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனியாகவே கட்டிலை இழுத்தார். வாசற்படியில் வழுக்கி, கட்டில் அவர் வலது மணிக்கட்டின் மேல் விழுந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் ஊசி போட்டதில்லை.

மூன்றாம் நாள் வந்தவர்கள் சாமானைத் தொடவில்லை. ஏணி வைத்து ஏறி, ஓட்டைப் பிரித்தார்கள். மழை வீட்டுக்குள் பெய்தது. மத்தியானத்துக்கு மேல் லாரி வந்தது, நீங்கள் ஏறினீர்கள். கட்டிலுக்கு லாரியில் இடமில்லாததால் பாப்பாத்தி அதை நர்ஸம்மாவிடம் விட்டுப் போனாள். ஆறு மாதத்தில் புது முதலாளிகள் என்னையும் வேண்டாம் என்றார்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்குமென்றால் அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்காடு கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நர்ஸம்மா ஓர் அறை எடுத்துக்கொண்டார். நான் மாதத்துக்கு ஒரு தடவை போவேன். இடது கையால் டீ போட்டுக் கொடுப்பார். ஒரு நாள் டப்பாவைத் திறந்து வாண்டாவைப் பற்றிய அடுத்த கடிதத்தை என்னிடம் கொடுத்தார். மூன்றாவது தடவை வந்த ஆட்கள் முதலில் ஜன்னல்களைக் கழற்றிவிட்டார்கள் என்று மேபல் எழுதியிருந்தாள். பனி உள்ளே வந்தது. வாண்டா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். "எங்கே போனாள் என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை" என்று கடிதம் முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியாது, ஆனால் வந்தது. "முடிவு தெரிஞ்சுக்கிட்டேதான் அவங்களைத் தூக்க வெச்சீங்களா?" என்று கேட்டேன். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "முடிவைச் சொல்லியிருந்தா மொத நாளே போயிருப்பாங்க தம்பி. ரெண்டு ராத்திரி அவங்கவங்க ஊட்ல படுத்தாங்க இல்லீங்களா? முடிவு தெரிஞ்சவங்கதானுங்க நர்ஸ் வேலைக்கே வர்றோம்." அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்தக் கடிதத்தை அவர் பாப்பாத்திக்குக் கடைசி வரைக்கும் படித்துக் காட்டவில்லை.

பாப்பாத்தி போன் செய்த அன்று மத்தியானமே அடக்கம் முடிந்தது. கோயில்காரர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். பாப்பாத்தியும் நானும் கல்லறைத் தோட்டத்திலிருந்து அறைக்குத் திரும்பினோம். நான் ஒரு பையில் மெழுகுவத்தியும் ஒரு மாலையும் வாங்கி வைத்திருந்தேன்.

சந்துக்குள் திரும்பியதும் பார்த்தோம். இரும்புக் கட்டில், டிரங்குப் பெட்டி, ஸ்டூல், ஸ்டவ், பிஸ்கட் டப்பா, எல்லாம் வெளியே இருந்தன. மே மாதம், சீசன். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. "ரூமுக்கு ஆளுங்க காத்துட்டு இருக்காங்க. பூட்டிப் போட்டுட்டு நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார். சுற்றுலாக்காரர்களின் கார் ஒன்று கட்டிலைத் தாண்ட முடியாமல் ஹாரன் அடித்தது.

"மாசம் முடிய இன்னும் ஒம்பது நாளு இருக்குதுங்க" என்றாள் பாப்பாத்தி.

"ஆளே இல்லாத ரூமுக்கு ஒம்பது நாளு எதுக்கும்மா?"

பாப்பாத்தி கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் பிடிங்க" என்று அவளும் சொல்வாள் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய் அந்தப் பக்கம் பிடித்தேன்.

உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரம் பழைய இடத்தில் போட்டோம். அவருடைய போர்வையை விரித்தோம். டிரங்குப் பெட்டி, ஸ்டூல், ஸ்டவ், எல்லாம் உள்ளே வந்தன; வீட்டுக்காரர் தடுக்கவில்லை. யாருக்காக என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்பது நாளும் அந்த அறை அவருடையதாகவே இருந்தது. பத்தாம் நாள் நாங்களே காலி செய்து கொடுத்தோம். பிஸ்கட் டப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறது. கட்டிலைப் பாப்பாத்தி கொண்டுபோய்விட்டாள். வாண்டாவைப் பற்றிய கடைசிக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "தெரியுமுங்க" என்றாள். "அன்னிக்கு நர்ஸம்மா கடுதாசிய மடிச்ச மடிப்புலயே தெரிஞ்சுது."

நர்ஸம்மாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது எது என்று கேட்டால் டப்பாவைக் காட்டலாம். ஆனால் அது சிகாகோக்காரியுடையது. எனக்கு மிஞ்சியது வேறு. ஏழு வருடமாக அந்தக் கட்டிலை நான் மனசுக்குள் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்க முடியாத கனம், நானும் பிடித்திருந்தால் என் கையும் முறிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்று அந்தச் சந்தில் பிடித்துத் தூக்கினேன். இரண்டு பேர் பிடித்தால் அது கனமான கட்டிலே இல்லை.