நோரீன் பார்க்காத கடைசிக் காட்சி

நோரீன் கெரட்டிக்கு இருபது வயதில் கிடைத்த முதல் வேலை, பிராட்வேயை ஒட்டிய ஒரு தெருவில் இருந்த நாடக அரங்கில் கோட்டு வாங்கி வைப்பது. குளிர்காலத்தில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் தங்கள் கனத்த கோட்டுகளை அவளிடம் கொடுத்துவிட்டு, எண் போட்ட பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். முடிந்ததும் வில்லையை நீட்டிக் கோட்டைக் கேட்பார்கள். கோட்டு அறைக்கும் அரங்குக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவர் வழியாகத்தான் அவள் ‘வாட்டர் தெரு விடுதி’ என்ற இசை நாடகத்தின் ஒவ்வொரு பாட்டையும் மனப்பாடம் செய்தாள்.

பெரிய கதை ஒன்றும் இல்லை. துறைமுகத்துப் பக்கம் விடுதி நடத்துகிற அகதாவை இரண்டு பேர் விரும்புகிறார்கள். ஒருவன் எதிர்வரிசை ரொட்டிக்காரன். இன்னொருவன் வருஷத்துக்கு இரண்டு தடவை கரையேறும் கப்பல் சமையல்காரன். கடைசிக் காட்சியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே வந்து நிற்கிறார்கள். அவள் யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்பது நோரீனுக்குத் தெரியாது.

வேலை இல்லாத நேரத்தில் கதவைத் திறந்து, பின்வரிசைக்குப் பின்னால் நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்திருக்கிறாள். ஆனால் முடிகிற நேரம் வந்தால் எங்கேயும் நகர முடியாது. கூட்டம் சேர்வதற்கு முன்னால் கோட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று பாதிப் பாட்டில் எழுந்து வருகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்காக அவள் அங்கே நின்றாக வேண்டும். அதனால் முடிவு அவளுக்குச் சத்தமாக மட்டுமே கிடைத்தது. பாட்டு நிற்கும். ஒரு நாற்காலி தரையில் இழுபடும். வெகுநேரம் ஒன்றுமே கேட்காது. பிறகு ஒரு பெண் சிரிப்பாள். உடனே கைதட்டல் சுவரையே தள்ளிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு, டிக்கெட் எடுத்து, ஊதா நிறத்தில் புதுச் சட்டையும் வாங்கி வைத்தாள். வியாழக்கிழமை வேலைக்கு வந்தபோது வாசலில் ஏணி போட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் நன்றாக எழுதவில்லையாம், கூட்டம் வரவில்லையாம். இசைத்தட்டு வருவதற்குள் நாடகமே போய்விட்டது.

அப்புறம் அவள் முடி வெட்டக் கற்றுக்கொண்டாள். குவீன்ஸில், உட்ஸைடு ரயில் பாலத்துக்குக் கீழே சொந்தமாகக் கடை போட்டாள். கல்யாணம் செய்துகொண்டாள், அது சரிப்படாமல் பிரிந்தாள். வருஷங்கள் போயின. முடி வெட்டும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

அப்படி என் தலைக்கு மேல் அவள் முணுமுணுத்த ஒரு நாளில்தான் எனக்கு அவள் பழக்கமானாள்.

“இது வாட்டர் தெரு பாட்டுத்தானே?” என்று கேட்டேன்.

கத்தரி நின்றுவிட்டது. கண்ணாடியில் என்னை முறைத்துப் பார்த்தாள்.

“யாருய்யா நீ? உனக்கு எப்படித் தெரியும்?”

யாரோ மடியில் ஒளித்து வைத்துப் பதிவு செய்த கேசட் ஒன்று அந்தக் காலத்தில் கைமாறிக் கைமாறி வந்தது. இருமலும் மிட்டாய்க் காகிதச் சத்தமும் பாட்டைவிட அதிகம். அப்படியும் அதைத் தேய்ந்து போகிற அளவுக்குக் கேட்டவர்கள் ஊரில் இருந்தோம். அதைச் சொன்னேன்.

“முடிவு இருக்கா அதுல?”

“இல்ல. கடைசிப் பாட்டு பாதியிலேயே டேப் தீந்துடும்.”

“நல்லதாப் போச்சு,” என்றாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வெட்டியதில் என் இடது காதுப் பக்கம் முடி குட்டையாகிவிட்டது. அன்றைக்கு அவள் காசு வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை எங்கள் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். கூட்டம் என்றால் நாங்கள் மூன்று பேர்தான். ஒன்பதாவது அவென்யூ சிற்றுண்டிக் கடையில் ஜன்னலோர மேசை. ஹார்லெமில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற கிளாரிஸ் பைனம், கேசட்டைக் கேட்டுக் கேட்டே எல்லாப் பாட்டையும் பியானோவில் பிடித்து வைத்திருந்தாள். பிராங்க்ஸிலிருந்து வருகிற ஹெக்டர் வியாஃபான்யே தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். மனைவி இறந்து பல வருஷமாகிறது. எங்களில் நாடகத்தை அரங்கில் உட்கார்ந்து பார்த்தது அவர் ஒருவர்தான். அதனால் அவர் பேச்சுக்குத் தனி மரியாதை.

நோரீன் உட்கார்ந்து காப்பி வருவதற்குள் தன் கதையைச் சொல்லி முடித்தாள்.

“முன்னாடியே எந்திரிச்சு வருவானுங்க பாருங்க, அந்தச் சனியனுங்களாலதான் நான் பார்க்கல. இப்ப கையில கெடச்சாக்கூடக் கழுத்தத் திருகிடுவேன்.”

ஹெக்டர் அப்பத்தின் மேல் பாகு ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு நிரம்பி மேசையில் வழிந்தது.

“முடிவை நான் சொல்லட்டுமா வேணாமா, ராணி?” என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே அவளுக்கு அவர் வைத்த பெயர் அதுதான்.

“வாயத் தொறக்காதீங்க! நான் கண்ணால பாக்கணும்.”

அன்றைக்கே அது எங்கள் மேசையின் சட்டமாகிவிட்டது. ரொட்டிக்காரனா சமையல்காரனா என்று நாங்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவோம். கிளாரிஸ் ரொட்டிக்காரன் கட்சி. “தினமும் வீட்டுக்கு வர்ற ஆம்பளதான் ஆம்பள,” என்பாள். நோரீன் சமையல்காரன் கட்சி. ஹெக்டர் மட்டும் எதுவும் சொல்லாமல் கடைவாயில் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து முடிவைக் கண்டுபிடிக்க நான் பலமுறை முயன்று தோற்றேன்.

பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. ‘வாட்டர் தெரு விடுதி’யை மறுபடி மேடையேற்றப் போகிறார்கள், அதே அரங்கில், வருகிற வசந்தத்தில். நோரீன் கடையை மூடிவிட்டு ரயிலேறி வந்து, அரங்க வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. “அகதாவோட கவுனு இப்படி நீலம் இல்ல, பச்சை,” என்றாள். அவ்வளவுதான்.

அரங்கில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது பெங்குவின் வேஷம் போட்டவர்கள் சக்கரக் காலணியில் சுழன்றாடும் ஒரு நாடகம். பிள்ளைகளுக்கு உயிர். வெளியூர்க்காரர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். அது குளிர்காலத்தோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முடியவில்லை. வசந்தத்தில் வர வேண்டியது இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது.

நாங்கள் பெங்குவின்களை வெறுக்கத் தொடங்கினோம். ஞாயிறு சாப்பிட்ட பிறகு அரங்க வாசலுக்குப் போய் வரிசை குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஒருநாள் மழையில் வரிசை சின்னதாக இருந்தபோது கிளாரிஸ் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். அடுத்த நிமிஷம் இரண்டு பேருந்துகள் வந்து நின்றன. பெங்குவின் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் நோரீனைப் பார்த்துக் கையசைத்தது. நோரீனும் பதிலுக்கு அசைத்தாள்.

“எதிரிக்குக் கை காட்டுறியே,” என்றேன்.

“அது என்ன பண்ணுச்சு, பாவம்,” என்றாள். ஆனால் முகம் வாடியிருந்தது.

இலையுதிர் காலத்தில் அகதாவாக நடிக்கவிருந்த நடிகைக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை என்றார்கள். பிப்ரவரிக்குப் போட்டார்கள். நோரீன் பிப்ரவரியில் ஒரு வாரம் கடைக்கு லீவு என்று கண்ணாடியில் எழுதி ஒட்டினாள். வாடிக்கையாளர்களிடம், “முதல் ராத்திரி ஆட்டம் பாத்துட்டு, மறுநாளும் பாத்துட்டு, அதுக்கு மறுநாளும் பாப்பேன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் ஹெக்டரின் முழங்கால்கள் மோசமாகிவிட்டன. வீட்டில் மின்தூக்கி இல்லை. போர்ட்டோ ரீக்கோவில், பொன்சே ஊரில் இருந்த மகள் அவரைக் கூட்டிக்கொண்டு போக வந்தாள். கடைசி ஞாயிறு நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது அவர் நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு, “ராணி, நான் போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தார்.

“முடிவப் பத்தின்னா வேணாம், ஹெக்டர். பிப்ரவரி வரப் போகுது.”

அவர் அவள் கையை விட்டார். வாடகைக் காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு நான் நினைத்தது வேறு. அவளை அவருக்குப் பிடிக்கும், அதைத்தான் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். அதுவும் பொய்யில்லை.

ஜனவரிக் கடைசியில், ‘தேதி பின்னர் அறிவிக்கப்படும்’ என்று ஒரு வரி வந்தது. காரணம்கூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நோரீன் கடைக்கு விடுமுறை. நான் போனபோது அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வயசு அறுபது ஆகப் போகுது,” என்றாள். “இவனுங்க போடப் போறதில்ல. இன்னிக்குக் கேட்டுடறேன்.”

ஹெக்டருக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். அந்தப் பக்கம் சேவல் கூவியது.

“ஹெக்டர், சொல்லிடுங்க. ரொட்டிக்காரனா, சமையல்காரனா?”

சேவல் மறுபடி கூவியது.

“உக்காந்திருக்கியா ராணி?”

“உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கல. நான் பாக்கவே இல்ல. எனக்குப் பதினோரு மணிக்கு ராத்திரி டூட்டி. ரெண்டு தடவை வந்தேன். ரெண்டு தடவையும் மேசைகிட்ட அவனுங்க வந்து நிக்கறப்ப எந்திரிச்சு ஓடிட்டேன்.”

நோரீன் மெதுவாகக் கேட்டாள். “கோட்டு?”

“வாங்கிட்டுத்தான் போனேன்.”

“என்கிட்டயா?”

“வேற யார்கிட்ட? நீதானே அங்க நின்னே. முதல் நாளே நீ கழுத்தத் திருகுவேன்னு சொன்னே. அப்புறம் எப்படி வாயத் தொறக்கறது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு...”

“யோவ், உன்ன மாதிரி ஆளாலதான்யா நான் அதப் பாக்கல!” என்று கத்திவிட்டுப் போனை அணைத்தாள். அவள் அவரை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இணையத்தில் தேடினால் முடிவு கிடைத்திருக்கும், மேசைச் சட்டத்துக்காக நாங்கள் யாரும் தேடியதில்லை. கிளாரிஸ் தேடித் தருகிறேன் என்றாள். நோரீன் வேண்டாம் என்றுவிட்டாள். பத்து நாள் போல ஹெக்டரின் பெயரையே எடுக்கவில்லை. அவர் அழைத்தபோதும் எடுக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், ஒரு கிழவரின் பிடரியை மழித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்து முடித்தாளாம். கிழவர் பயந்துபோய் எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

“லீவு எழுதி ஒட்டியாச்சு. நாடகத்த அவனுங்க தள்ளி வெச்சா என் லீவையும் தள்ளி வெக்கணுமா? நான் பொன்சே போறேன்.”

“கழுத்தத் திருகவா?”

“அத அங்க போய் முடிவு பண்ணிக்கறேன்.”

அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்து சொன்னதிலிருந்துதான் எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் ஹெக்டர் கைத்தடியோடு, இஸ்திரி போட்ட சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். இவள் முதலில் அவருடைய முடியைப் பார்த்து, “எந்தப் படுபாவி வெட்டினான் இத?” என்றாளாம். சமாதானம் அப்படித்தான் நடந்திருக்கிறது. மகள் வீட்டில் தினமும் சோறும் அவரைக்கொட்டையும், வறுத்த வாழைக்காயும். ஒரு சாயங்காலம் மகள் வெளியே போயிருந்தபோது ஹெக்டர் கேட்டிருக்கிறார்.

“ராணி, நான் பாக்கல, சரி. நீ கேட்டியே. எப்படி இருந்துச்சு?”

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நாங்கள் எல்லாரும் அவள் எதைப் பார்க்கவில்லை என்பதையே பேசிக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து கடைசிப் பாட்டை முழுக்கப் பாடினாள், கேசட்டில் இல்லாத பாதியையும் சேர்த்து. நாற்காலியை ஓடு பதித்த தரையில் இழுத்தாள். பேசாமல் நின்றாள். ஹெக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். பிறகு அந்தப் பெண் சிரித்த மாதிரியே சிரிக்கப் பார்த்தாள்.

“வரல,” என்றாள் என்னிடம். “தொண்டை வரைக்கும் வந்துச்சு. அந்தச் சிரிப்பு எதுக்குன்னு தெரிஞ்சாத்தானே சிரிக்க முடியும்? அழுதுட்டேன். அந்தாளும் அழுதான்.”

இப்போது அவள் ஒவ்வொரு பிப்ரவரியும் பொன்சே போகிறாள். ஹெக்டருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அறுவை செய்துகொள்ளுங்கள், நாடகம் போட்டால் என்னத்தை வைத்துப் பார்ப்பீர்கள் என்று இவள் சத்தம் போடுகிறாள். மற்ற மாதங்களில் ஞாயிறுதோறும் நாங்கள் மூன்று பேர் ஒன்பதாவது அவென்யூவில் சந்திக்கிறோம். போன வாரம் பெங்குவின் நாடகத்துக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு என்று செய்தி வந்தது. கிளாரிஸ் வாய்க்கு வந்தபடி திட்டினாள். நோரீன் காப்பியில் பால் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“அறிவிச்சா ரெண்டு டிக்கெட்டு, ஓரத்து இருக்கை வேணாம்,” என்றாள். “அந்தாள நடுவுல உக்கார வெக்கணும். ரெண்டு பக்கமும் ஆளு இருக்கணும். எந்திரிச்சு ஓட முடியாதபடிக்கு.”