ஏழாம் நம்பர் சீட்டு

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆபீசில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

புஸ்வாணம் அடுக்கும் பெண்கள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டுப் போடுவார்கள். முதலில் தங்கள் நம்பர், அடுத்து ஒரு பூஜ்யம், பிறகு பெட்டி நம்பர். புதிதாக வருகிறவள் யார் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகுகிறாளோ, அவர் நம்பரோடு இன்னொரு இலக்கத்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஏழாம் நம்பர் அக்காவிடம் பழகியவர்கள் 71, 72, 73.

சீசனில் கடைகளிலிருந்து புகார் வந்தது. பெட்டியில் பத்துக்கு ஒன்பதுதான் இருக்கிறதாம். திரும்பி வந்த சீட்டுகளை ஏற்றி, யார் பெட்டி என்று கம்ப்யூட்டர் தேடிச் சொல்ல ஒரு குவெரி எழுதினேன். சீட்டின் தொடக்கம் யார் நம்பரோடு பொருந்துகிறதோ அவர் பெயர் வரும். வந்ததெல்லாம் ஏழாம் நம்பர் அக்காவின் பெயர்.

அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "நல்லாப் பாரு தாயி. எண்ணாம நான் பெட்டிய மூடவே மாட்டேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா," என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

பத்து நாள் கழித்து, 73 என்று தொடங்கும் ஒரு சீட்டு என் கையில் இருந்தது. திரையில் அப்போதும் அக்கா பெயர். 73இல் தொடங்குவது 7இலும்தானே தொடங்குகிறது! பொருந்திய இரண்டு நம்பர்களில், பெயர்கள் ஏற்றிய டேபிளில் முதலில் இருந்ததை கம்ப்யூட்டர் எடுத்திருக்கிறது. பொருந்துவதில் நீளமானதை எடு என்று நான் சொல்லவே இல்லை. நீளமானது மேலே வரும்படி அடுக்க ஒரு வரி சேர்த்து, பழைய சீட்டுகளை மறுபடி ஓட்டினேன். அக்கா பெயர் ஒன்றுகூட வரவில்லை.

"சரியா ஓடுதா?" என்று முதலாளி கேட்டார்.

"ஓடுது அண்ணாச்சி." புதிதாக வந்த பட்டியலை நான் பிரிண்ட் எடுக்கவில்லை. என் வேலை போய்விடுமோ என்ற பயம், வேறு காரணம் கிடையாது.

தீபாவளி முடிந்து ஒருநாள், ஆமத்தூர் போகும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவதாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்கனயோ தப்ப விட்டிருக்கேன் தாயி, கம்ப்யூட்டரே சொல்லிருச்சே. இப்பல்லாம் ஒரு கட்ட மூணு தடவ எண்ணுதேன். அப்பவும் எங்கையி மேல நம்பிக்கை வரமாட்டேங்குது."

உண்மையைச் சொல்வதற்கு இரண்டு ஸ்டாப் நேரம் இருந்தது. நான் என் ஊர் வருவதற்கு முன்பே எழுந்து இறங்கிவிட்டேன். ஜன்னல் வழியாக அவர், "பாத்துப் போ தாயி," என்றார்.